அமெரிக்கா உருவான காலத்தில் ஒரு சிறு நகர மேயர், சட்டமன்ற உறுப்பினராகவும் இருக்க முடிந்ததா? அவருடைய வாழ்க்கை எப்படி இருந்தது?

முடிந்தது, அதற்கு மேலும் பல பதவிகளை ஒருவரே வகிக்கவும் முடிந்தது. நான் அறிந்தவர்களில் இதற்குச் சிறந்த சான்று ரோஜர் ஷெர்மன். கனெக்டிகட்டின் நியூ ஹேவன் 1784-இல் நகரச் சாசனம் பெற்றபோது அதன் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். சுமார் 4,500 பேர் வாழ்ந்த அந்த ஊரின் மேயராக இருந்துகொண்டே, மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையில் 1785 வரையிலும், மாநில உயர் நீதிமன்றத்தில் 1789 வரையிலும் பணியாற்றினார். மேயரை மக்கள் தேர்ந்தெடுத்தாலும், சட்டமன்றம் விரும்பும்வரை அவர் பதவியில் நீடிக்கலாம் என்பதே சாசனத்தின் விதி.

1721-இல் மாசசூசெட்ஸில் பிறந்த ஷெர்மன் கல்லூரிப் படி ஏறாதவர். செருப்புத் தைப்பவராகத் தொடங்கி, நில அளவையாளராகவும், பஞ்சாங்கம் கணித்து அச்சிடுபவராகவும், நியூ மில்ஃபோர்டில் கடைக்காரராகவும் பிழைத்து, சொந்த முயற்சியில் சட்டம் பயின்று 1754-இல் வழக்கறிஞரானார். அடுத்த ஆண்டே சட்டமன்ற உறுப்பினரும் ஆனார்.

இவற்றில் கடைக்கார வாழ்க்கையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கடனுக்குச் சரக்கு வாங்கியவர்கள், அண்டைக் குடியேற்றமான ரோட் ஐலண்டு அளவின்றி அச்சடித்து மதிப்பிழந்துபோன காகிதப் பணத்தைக் கொண்டு கணக்கைத் தீர்க்க முற்பட்டபோது, அது அநீதி என்று வாதிட்டு 1752-இல் புனைபெயரில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1787 ஆகஸ்டில், பிலடெல்பியாவில் அரசமைப்பு மாநாடு கூடியிருந்தபோது, மாநிலங்கள் காகிதப் பணம் வெளியிடக்கூடாது, தங்கமும் வெள்ளியும் தவிர வேறெதையும் கடனுக்கு ஈடாக ஏற்கும்படி சட்டம் இயற்றக்கூடாது என்ற தடையை ஜேம்ஸ் வில்சனுடன் சேர்ந்து முன்மொழிந்தவர் இதே ஷெர்மன்தான். கல்லாப்பெட்டியில் பட்ட நஷ்டம் அரசமைப்பின் ஒரு விதியாக அமர்ந்துவிட்டது!

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள், மேலவையில் மாநிலங்களுக்குச் சம இடங்கள் என்ற புகழ்பெற்ற சமரசமும் பெரும்பாலும் அவர் முயற்சியால் வந்ததே. எனினும் அவரை முழுமையான மக்களாட்சியாளர் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. பொதுமக்கள் போதிய செய்தியறிவு இல்லாதவர்கள், எளிதில் ஏமாற்றப்படுபவர்கள் என்று கூறி, கீழவைக்கு நேரடித் தேர்தல் நடத்துவதையே அம்மாநாட்டில் அவர் எதிர்த்தார். வாக்குகளால் மேயரான ஒருவர் இவ்வாறு பேசியது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

1789-இல் அமெரிக்கக் கீழவைக்கும், 1791-இல் மேலவையான செனட்டுக்கும் சென்றபோதும் அவர் மேயர் பதவியை விடவில்லை. 1793 ஜூலை 23 அன்று இறக்கும்வரை அது அவரிடமே இருந்தது. அவருடைய கல்லறை வாசகத்தில் நியூ ஹேவன் நகர மேயர் என்பது முதலிலும், அமெரிக்க செனட்டர் என்பது அதற்கு அடுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது.