குளத்துப் படியில் இரண்டு பேர்

அன்புள்ள ஐயா,

வயது 24. ஒரு விளம்பர நிறுவனத்தில் படம் வரைகிறேன். அமெரிக்க ஓவியர் ஹோவர்ட் க்ரூஸின் காமிக்ஸைப் படித்ததிலிருந்து, ஆணை நேசிக்கும் ஆணின் கதையைச் சித்திரக்கதையாக வரைய ஆசை. அம்மா அப்பாவோடு இருக்கிறேன். சொந்தப் பெயரில் வெளியிட்டால் வேலை போய்விடுமா? புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா? டேப்லெட்டில் வரைவதா, மையும் தாளுமா? தமிழில் இதற்கு வாசகர்கள் இருப்பார்களா? மூன்று படங்கள் இணைத்துள்ளேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாசகர்கள் இருப்பார்களா என்பதை வரைந்து முடித்த பிறகு கேளுங்கள். டேப்லெட்டா தாளா என்பது உங்கள் பாடு. க்ரூஸ் பெயரைப் பார்த்ததால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். இரண்டு வாரமாக அவருடைய ‘ஸ்டக் ரப்பர் பேபி’ என்ற சித்திர நாவலைத்தான் மறுபடி புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அலபாமாவில் ஒரு பாதிரியார் வீட்டுப் பிள்ளை அவர். ‘பேர்ஃபுட்ஸ்’ என்று கொழுகொழு உருவங்களோடு ஒரு தொடர் வரைந்துகொண்டிருந்தார். 1976இல் அதில் வரும் ஹெட்ராக் என்ற ஓவியனைத் தன்பாலீர்ப்பாளன் என்று வெளிப்படுத்தினார். தன்பாலீர்ப்பாளர்கள் தங்களைப் பற்றி வரையும் ‘கே காமிக்ஸ்’ இதழுக்கு ஆசிரியராக இருக்க அழைப்பு வந்தபோது, தொழில் என்னாகும் என்ற யோசனை அவருக்கும் இருந்தது. அப்புறம் 1980இல் சொந்தப் பெயரிலேயே முதல் இதழைக் கொண்டுவந்தார். அலிசன் பெக்டெல் போன்ற சித்திரக்கதை ஓவியர்களுக்கு அந்த இதழ்தான் தைரியம் கொடுத்தது.

இது உங்கள் கேள்விக்குப் பதிலா? இல்லை. அவர் அப்போது நியூயார்க்கில் தனிக்குடித்தனம் இருந்தவர், நீங்கள் அம்மா அப்பாவோடு இருக்கிறீர்கள். புனைபெயர் வைத்தவன் கோழை என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

ஆனால் தம்பி, அந்த மூன்று படங்கள்! கடல், சூரியன், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு ஆண்கள். மூன்றிலும் அதேதான். பெயரை மறைத்துக்கொள்ளுங்கள், சரி. அந்த இரண்டு பேரின் முகத்தை ஏன் மறைக்கிறீர்கள்? தன்பாலீர்ப்பாளர்களுக்கான ‘தி அட்வகேட்’ இதழில் க்ரூஸ் வரைந்த காதலர்கள் வெண்டலும் ஆலியும் நமக்கு முதுகையா காட்டினார்கள்? சண்டை போட்டார்கள், படுக்கையில் அரட்டையடித்தார்கள், ஆலியின் மகனை வளர்த்தார்கள். ‘ஸ்டக் ரப்பர் பேபி’ 210 பக்கம். இரண்டு வருடத்தில் முடிப்பதாக ஒப்பந்தம், நான்கு வருடம் இழுத்தது. முன்பணம் தீர்ந்துபோய், இன்னும் வரையாத பக்கங்களின் மூலப்படங்களைக்கூட முன்கூட்டியே விற்றுச் சமாளித்தார். எல்லாம் எதற்காக? ஒவ்வொரு கன்னத்திலும் குறுக்கும் நெடுக்குமாக நூற்றுக்கணக்கான கோடு. ஒரு கூட்டத்தை வரைந்தால் அதில் எந்த மூக்கும் இன்னொரு மூக்கு மாதிரி இருக்காது. கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் நடந்த தென்மாநில ஊரில், தன்னையே ஒளித்துக்கொண்டு திரியும் ஓர் இளைஞனின் கதை அது. அவன் ஒளிகிறான், அவனை வரைந்தவர் அவன் முகத்தில் ஒரு ரேகையைக்கூட ஒளிக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு அருகதை உண்டா என்று தெரியவில்லை. இருபத்தைந்து வருடம் முன்பு ஒரு வார இதழில் என் கதை வந்தது. இரண்டு நண்பர்கள், குளத்துப் படி, ஒருவன் மற்றவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போகிறான். அவ்வளவுதான் கதை. இதழைப் பிரித்தால் படத்தில் சாய்ந்திருப்பது தாவணி கட்டிய பெண். ஓவியரிடம் கேட்டேன். “இல்லேன்னா ஜனங்களுக்குக் குழப்பமா இருக்கும் சார்” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. சன்மானத்தில் ஒரு மேசை விளக்கு வாங்கினேன்.

தோள் கொடுத்தவன் நிஜத்தில் என் நண்பன். இதழைப் பார்த்துவிட்டு, “படம் நல்லாருக்கு” என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு என் கதை எதையும் அவன் கேட்டு வாங்கிப் படித்ததில்லை.

அடுத்த முறை இருவரையும் இந்தப் பக்கம் திருப்பி வரைந்து அனுப்புங்கள். மூக்கு சரியாக வராவிட்டால் பரவாயில்லை.