ஊட்டியில் பி.ஃபார்ம் படிக்கிறேன். தானாக அடுக்கிக்கொள்ளும் நானோ பூச்சை, செல் வளர்க்கும் சாரத்தை (செல்கள் பற்றி வளரும் தாங்கி, ஸ்கேஃபோல்ட்) எல்லாம் கல்லூரி ஆய்வகத்திலேயே புராஜெக்டாகச் செய்ய முடியுமா?

பூச்சைத் தாராளமாகச் செய்யலாம். நாலைந்து பீக்கர், கண்ணாடித் தகடு, கைட்டோசான், கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் போதும். பூச்சு இருக்கிறது என்று காட்டுவதிலும் அதன் மேல் செல் வளர்ப்பதிலும்தான் காசும் கஷ்டமும். நானும் இதே மலையில் ஒரு மருந்தியல் ஆய்வகத்தில் இருப்பவன்தான்.

முறையின் பெயர் லேயர் பை லேயர், அதாவது அடுக்கு மேல் அடுக்கு. 1990களின் தொடக்கத்தில் கெரோ டெஹர் என்ற வேதியியலாளரும் அவருடன் இருந்தவர்களும் வளர்த்தெடுத்தது. தண்ணீரில் கண்ணாடியின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைந்தால் நேர்மின்னேற்றம் பெறும். தகட்டை அதில் முக்கினால் ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பு நேர்மின்னேற்றத்துக்கு மாறியதும், அடுத்து வரும் கைட்டோசானை அதுவே தள்ளிவிடும். அதனால் பத்து நிமிடம் வைக்க வேண்டியதை மறந்து டீக்குப் போய் வந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்புறம் கழுவி, எதிர்மின்னேற்றம் கொண்ட ஆல்ஜினேட்டில் முக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் சில நானோமீட்டர் அளவில் ஏறும்.

கழுவுவதில் மட்டும் அவசரம் ஆகாது. தகட்டில் தங்கிய கைட்டோசான் ஆல்ஜினேட் பீக்கருக்குள் போனால் கரைசல் கலங்கி, வெள்ளை வெள்ளையாகத் திரிதிரியாக மிதக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பதுதான் வழி.

முதல் சில அடுக்குகள் கண்ணுக்கே தெரியாது. ஆல்ஜினேட்டில் முடித்த தகட்டை நேர்மின்னேற்றம் கொண்ட மெத்திலீன் நீலச் சாயத்தில் முக்கிக் கழுவிப் பாருங்கள், வெறும் கண்ணாடியைவிட அடர்ந்த நீலம் ஏறும். வெவ்வேறு சுற்று முடித்த தகடுகளை நிறத்தின் அடர்வை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளந்து வரைபடம் போட்டால் வைவாவுக்குத் தைரியமாகப் போகலாம். தடிமனை அளக்க எலிப்சோமீட்டரோ அணுவிசை நுண்ணோக்கியோ வேண்டும். அதற்கு வெளியே காசு கட்டித்தான் ஆக வேண்டும்.

நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் அழுத்தமானியில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு காட்டினால் சமவெளியில் உள்ளே 121 டிகிரி இருக்கும். இங்கே 117 பக்கம்தான். கையேட்டை நம்பி நிறுத்தினால் கிருமி தப்பிக்கும், செல் வளர்ப்பு ஊடகம் கெட்டுப்போகும். அழுத்தமானியை விட்டுவிட்டு வெப்பமானியைப் பாருங்கள். பூச்சு ஏறிய தகட்டை மட்டும் அதற்குள் வைக்காதீர்கள், நீராவி கெடுத்துவிடும். 70 சதவீத ஆல்கஹால் போதும் என்பது என் கட்சி.

சாரம் வேண்டுமென்றால் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் நல்ல தேர்வு. அமிலத்தில் கரைத்த கொலாஜனைக் குளிரில் வைத்தே நடுநிலையாக்கி, 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தால் மூலக்கூறுகள் தாமே சேர்ந்து இழைகளாகிக் கூழாக உறையும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த இழைகளில் சுமார் 67 நானோமீட்டருக்கு ஒரு வரி தெரியும், உடம்பில் இருப்பது போலவே. சமவெளியில் ஐஸ் பெட்டியை விட்டு நகர முடியாது. ஜனவரி ஊட்டி அறையில் கொஞ்சம் நிதானமாகவே பிப்பெட் பிடிக்கலாம் (விரல் மரத்துப்போவது வேறு கதை). ராடா16 போன்ற பெப்டைடுகளும் (குட்டி அமினோ அமிலச் சங்கிலிகள்) உப்பு பட்டதும் சுமார் 10 நானோமீட்டர் இழைகளாகச் சேரும். ஆனால் விலை புராஜெக்டுக்குக் கட்டுப்படியாகாது.

செல் விஷயத்தில் ஒன்று. வெறும் ஆல்ஜினேட்டில் செல்கள் சரியாக ஒட்டாது. ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தில் செல் பற்றிக்கொள்ளும் ஆர்ஜிடி என்ற மூன்று அமினோ அமிலத் துண்டை 1984இல் கண்டறிந்தார்கள். அதை ஆல்ஜினேட்டில் இணைத்தால் பிடிக்கும், ஆனால் அது தனி வேதியியல் வேலை. ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் கடைசி அடுக்கைக் கொலாஜனாக வைத்துவிடுங்கள். செல் வளர்ப்பு அறை இல்லாத கல்லூரியென்றால், புராஜெக்ட் தலைப்பில் திசுப் பொறியியல் என்று போடாமல் பூச்சு என்றே போடுங்கள். வெளித்தேர்வாளர் முதலில் கேட்பது செல் படத்தைத்தான்.