ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையாம்!

கேள்வி: எனக்கு வயது 28. மூன்று வருடங்களாக இடுப்பும் புட்டமும் வலிக்கின்றன. விடியற்காலையில் வலியே எழுப்பிவிடுகிறது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் ‘உட்காரும் விதம் சரியில்லை’ என்றார். இன்னொருவர் ‘ஓய்வெடுங்கள்’ என்றார். ஓய்வெடுத்தால் வலி கூடுகிறது. கடைசியாகப் பார்த்தவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, ‘மனசுதான் காரணம், ரொம்ப யோசிக்காதீங்க’ என்று முடித்துவிட்டார். வீட்டிலும் இப்போது அதையே சொல்கிறார்கள். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது, அக்கா.

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களை அடிக்கோடிட்டேன். ‘விடியற்காலையில் வலியே எழுப்பிவிடுகிறது’, ‘ஓய்வெடுத்தால் வலி கூடுகிறது’. இவற்றை எந்த டாக்டராவது கேட்டுத் தெரிந்துகொண்டாரா? சந்தேகம்தான்.

சாதாரண முதுகுவலி படுத்தால் குறையும். அழற்சியால் வரும் முதுகுவலி அப்படியே நேர்மாறு. படுத்தால் கூடும், எழுந்து நடமாடினால் குறையும், பின்னிரவில் எழுப்பிவிடும், காலையில் உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்திருக்கும். பெரும்பாலும் 40 வயதுக்கு முன்பே, எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல முடியாதபடி மெல்ல வரும். முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வரும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸும் அந்த வகை நோய்களும் இப்படித்தான் தலைகாட்டும். எனக்கு இருப்பதும் அதுதான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், என் முதுகு விட்ட அளவுக்கு!

நான் டாக்டர் இல்லை. உங்களுக்கும் அதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அந்த ரிப்போர்ட்டுகளை வைத்து அது இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் மூட்டில் ஏற்படும் பாதிப்பு எக்ஸ்ரேயில் தெரிய வருடக்கணக்கில் ஆகலாம். எம்.ஆர்.ஐ.யில் அதற்கு முன்பே தெரியக்கூடும். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. நார்மலாக இருக்கும் நோயாளிகளும் உண்டு. இந்த நோயோடு தொடர்புள்ள மரபணுவைத் தேடும் ஹெச்.எல்.ஏ. பி27 பரிசோதனை பாசிட்டிவ் என்றால் நோய் உறுதி என்று ஆகாது, நெகட்டிவ் என்றால் நோயே இல்லை என்றும் ஆகாது. இதை ஆண்களின் நோய் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அதனால் ஒரு பெண் போய்ச் சொன்னால் ‘மனசு’ என்று தள்ளிவிடுவது இன்னும் சுலபம்.

எலும்பு டாக்டரோடு நிறுத்தாமல் ஒரு ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டு அழற்சி நோய்களுக்கான நிபுணரைப் பாருங்கள். அங்கே போய் ‘தாங்க முடியாத வலி’ என்று ஆரம்பிக்காதீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது மரத்துவிட்டது. ‘காலையில் குனிந்து செருப்பு மாட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது, குளித்து நடந்தபிறகு சரியாகிறது’ என்று சொல்லுங்கள். வலி ஒரு பக்கப் புட்டத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறி மாறி வந்தால் அதையும் விடாமல் சொல்லுங்கள். நான் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டுதான் போவேன். எதிரே உட்கார்ந்தால் பாதி மறந்துவிடும். சோரியாசிஸ் என்ற தோல் நோய் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருக்கிறதா, வலி மாத்திரை போட்டால் நன்றாகக் குறைகிறதா என்பதையெல்லாம் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசியது உண்டா என்பதையும்தான். இனிமேல் அப்படி வந்தால் அன்றே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

அங்கேயும் ‘ஒன்றும் இல்லை’ என்றால் சண்டை போட வேண்டாம். ‘சரி டாக்டர், எந்தெந்த நோய் இல்லை என்று பார்த்திருக்கிறீர்கள், சீட்டில் எழுதித் தருகிறீர்களா?’ என்று கேளுங்கள். பேனாவை எடுத்த பிறகு யோசிக்க ஆரம்பித்த டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

மனசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் தூக்கம் கெட்டால் யாருக்கும் மனசு சோரும். அதற்கும் உதவி கேளுங்கள். முதுகைப் பார்க்காமல் விட அது சாக்கு ஆகாது.

கேள்வி: என் மனைவிக்கு, உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லி, மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரையை எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் மனநோய் என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெட்டின் போன்றவை மன அழுத்தத்துக்காக வந்த மருந்துகள்தான். ஆனால் நரம்பு மண்டலம் வலியைக் கூட்டிக் காட்டுவதைக் கொஞ்சம் அடக்கவும் அவை உதவுகின்றன. இதற்கு அமிட்ரிப்டிலினை, மன அழுத்தத்துக்குத் தருவதைவிடக் குறைந்த அளவில்தான் தருவார்கள். இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காததால் எத்தனையோ பேர் சீட்டைக் கூகுளில் தட்டிப் பார்த்துப் பயந்து மாத்திரையைத் தொடாமலே இருக்கிறார்கள். அடுத்த முறை நீங்களும் கூடப் போய்க் கேளுங்கள். வீட்டில் ஒருவராவது நம்புகிறார் என்று அவருக்குத் தெரியட்டும்.

கேள்வி: டாக்டரை மாற்றினால் பழைய டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

பதில்: அவருக்கு உங்கள் முகமே ஞாபகம் இருக்காது! ஃபைலை மட்டும் முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்கேன் சி.டி. உட்பட. ரிப்போர்ட்டில் இருக்கும் நாலு வரியைவிடப் படத்தைத் தானே பார்க்க விரும்பும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.