வேலையிடத்தில் மாற்றுத்திறனாளி உரிமைகள்: வாசகர் கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19-இல். அந்தச் சட்டம் வேலையிடத்தில் எப்படிச் செயல்படுகிறது என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இங்கே.

எங்கள் பனியன் கம்பெனியில் 140 பேர் வேலை செய்கிறார்கள். நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். காது கேளாதவர்கள் நான்கு பேர், போலியோவால் ஒரு கால் பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார்கள். தணிக்கைக்கு வந்தவர் 'சம வாய்ப்புக் கொள்கை எங்கே?' என்று கேட்டார். இணையத்தில் கிடைக்கும் மாதிரியில் பெயரை மாற்றி வைத்துக்கொண்டால் போதுமா?
— வாசகி, திருப்பூர்

போதாது. சட்டத்தின் 21-ஆம் பிரிவு தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். 2017-இல் வந்த மத்திய விதிகளின் 8-ஆம் விதிப்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தின் கொள்கையில் சில விவரங்கள் இருந்தே ஆக வேண்டும். என்னென்ன வசதிகள் உள்ளன, எந்தெந்த வேலைகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை, தேர்வும் பயிற்சியும் எப்படி, இடமாற்றத்திலும் சிறப்பு விடுப்பிலும் என்ன முன்னுரிமை, துணைக்கருவிகள் என்ன, இதையெல்லாம் கவனிக்கும் தொடர்பு அலுவலர் யார் என்பவை அவை. கொள்கையை இணையதளத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். ஒரு நகலை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பதிவுக்கு அனுப்பியதற்கான ஒப்புகையையும் கோப்பில் வையுங்கள். தணிக்கையாளர் அடுத்து கேட்பது அதுதான். 22-ஆம் பிரிவு கேட்கும் பதிவேடு தனி. ஊழியரின் பெயர், சேர்ந்த தேதி, குறைபாட்டின் வகை, செய்யும் வேலை, தரப்படும் வசதி ஆகியவற்றை அதில் எழுத வேண்டும்.

மாதிரியை அப்படியே எடுத்துப் போடுவதில் உள்ள சிக்கல், அதில் இருப்பது உங்கள் ஆலையில் இருக்காது என்பதே. லிஃப்டே இல்லாத கட்டடத்தின் கொள்கையில் 'பிரெயில் பொத்தான் உள்ள லிஃப்ட்' என்று இருந்தால் நாளை அதுவே உங்களுக்கு எதிரான சான்று. முதலில் அந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேளுங்கள்.

காது கேளாதவர்களுக்கு முதல் தேவை, தீ எச்சரிக்கை மணியோடு சேர்ந்து மின்னும் விளக்கு. தையல் தளத்தில் மட்டும் போட்டால் பயனில்லை. கழிப்பறையிலும் சரக்கு அறையிலும் கட்டாயம் போடுங்கள். தோளைத் தட்டிச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாத இடங்கள் அவைதான். மைக்கில் சொல்வதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள். எழுத்து மட்டும் போதும் என்றும் இருந்துவிட வேண்டாம். பிறவியிலேயே கேட்காத பலருக்குச் சைகைமொழிதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் அவர்களுக்கு இரண்டாவது. சம்பள ஒப்பந்தம், விசாரணை, பாதுகாப்புப் பயிற்சி போன்றவற்றுக்குச் சைகைமொழிபெயர்ப்பாளரை வரவழைப்பதே சரி. போலியோ பாதித்தவருக்கு மெஷின் பெடலை நல்ல கால் பக்கம் நகர்த்தித் தரலாம். செக்கிங் டேபிளில் நிற்க வேண்டியிருந்தால் உயரம் கூட்டிக் குறைக்கும் ஸ்டூல் போடலாம்.

சட்டத்தையோ விதியையோ மீறினால், 89-ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் குறைந்தது 50,000, அதிகபட்சம் 5 லட்சம்.

என் மாற்றுத்திறனாளி சான்றிதழில் பாதிப்பு 35 சதவீதம்தான். '40 இருந்தால்தான் எதுவும் கேட்க முடியும்' என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், கரூர்

இல்லை. 40 சதவீதம் என்பது அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட சலுகைகளுக்கான எல்லை. வேலையைச் செய்வதற்குத் தேவையான மாற்றத்தைக் கேட்கும் உரிமைக்கு அந்த எல்லை கிடையாது. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தனக்காக எழுதித் தர ஆள் கேட்ட வழக்கு அது.

நான் பார்வையற்றவன், அரசு அலுவலகத்தில் உதவியாளர். கோப்புகளெல்லாம் புதிய மென்பொருளுக்குப் போய்விட்டன. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என் ஸ்க்ரீன் ரீடர் பாதியைப் படிப்பதில்லை. 'பக்கத்து சீட்காரரைப் படிக்கச் சொல்லி வேலையைப் பாருங்கள்' என்கிறார் மேலாளர். என்ன செய்வது?
— வாசகர், மதுரை

பக்கத்து சீட்காரர் படித்துக் காட்டுவது ஓரிரு நாள் சமாளிப்புக்கு ஆகும். அதையே வழக்கமாக்கினால் உங்கள் கடவுச்சொல் அடுத்தவர் கைக்குப் போகும். அவர் தவறாக ஒரு பொத்தானை அழுத்தினாலும் விளக்கக் குறிப்பாணை உங்கள் பெயருக்குத்தான் வரும். இதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

'மென்பொருள் சரியில்லை' என்று பொதுவாக எழுதினால் பதில் வராது. எது, எங்கே, ஏன் படிக்கவில்லை என்று பிரித்துக் காட்டுங்கள். தமிழ்நாட்டு அலுவலகங்களில் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது எழுத்துரு. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய சுற்றறிக்கை, கண்ணுள்ளவருக்கு 'அம்மா' என்று தெரியும். கருவிக்கு அது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கிலக் குறிகளின் வரிசை. அது அப்படியேதான் வாசிக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடில் தட்டினால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆகவே புதிய விதி எதையும் நீங்கள் கேட்கவில்லை. இருப்பதைப் பின்பற்றச் சொல்கிறீர்கள். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம்.

இரண்டாவது, ஸ்கேன் செய்த பிடிஎஃப். அது எழுத்தல்ல, படம். எழுத்துணரி மென்பொருள் வழியாகப் போனால்தான் வாசிக்கும். கையெழுத்தும் முத்திரையும் மேலே விழுந்த வரிகளில் அதுவும் தடுமாறும். கையெழுத்திட்ட நகலோடு தட்டச்சு செய்த மூலக் கோப்பையும் சேர்த்து ஏற்றும் வழக்கத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். செலவே இல்லை.

மூன்றாவது, பெயரிடப்படாத பொத்தான்களும் படத்தில் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேப்சாவும். கருவி 'பட்டன், பட்டன்' என்று மட்டும் சொன்னால் இதுதான் கோளாறு. மென்பொருள் பிரிவினர் சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போகட்டும். எங்கே சிக்கிக்கொள்கிறார்களோ அங்கேதான் நீங்களும் சிக்குகிறீர்கள். என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் இலவசம், தமிழும் வாசிக்கும். அதை அவர்கள் கணினியிலும் நிறுவிக் கேட்கச் சொல்லுங்கள்.

கடிதத்தில் நான்கு விஷயங்கள் வரட்டும்: எந்த வேலை, எங்கே தடை, என்ன மாற்றம் வேண்டும், எந்தத் தேதிக்குள். யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலை இணையுங்கள். 'கருணை கூர்ந்து' என்று எழுத வேண்டாம். அரசு நிறுவனம் தன் ஊழியருக்குத் தகுந்த ஏற்பாட்டைச் செய்து தர வேண்டும் என்பது 20-ஆம் பிரிவின் கட்டளை. அதை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் வரையறை சொல்கிறது. தபால் பிரிவில் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள்.

பதில் இல்லையென்றால் 23-ஆம் பிரிவின்படி அலுவலகத்தில் நியமிக்கப்பட்டிருக்க வேண்டிய குறைதீர் அலுவலரிடம் போங்கள். புகாரைப் பதிந்த இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அங்கும் நிறைவில்லையென்றால் மாவட்டக் குழு, பிறகு மாநில ஆணையர். ஆணையர் பரிந்துரை அனுப்பினால் அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும். பரிந்துரை தீர்ப்பாகாது என்பது இதிலுள்ள குறை. ஆனால் 'ஏன் ஏற்கவில்லை' என்று எழுத்தில் வாங்கும் அந்தத் தாள், பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் மிகவும் உதவும்.

அலுவலக வாசலில் மூன்று படிகள். சக்கர நாற்காலியில் வரும் ஒருவரை வேலைக்கு எடுத்திருக்கிறோம். சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும்? கொத்தனார் 'எட்டடி போதும்' என்கிறார்.
— வாசகர், ஓசூர்

எட்டடி ஆபத்து. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது கணக்கு. படி ஒவ்வொன்றும் 15 செ.மீ. என்றால் மொத்தம் 45 செ.மீ.; சாய்தளம் 5.4 மீட்டர், கிட்டத்தட்ட பதினெட்டு அடி. எட்டடியில் கட்டினால் ஏறும்போது நாற்காலி பின்னால் சாயும், இறங்கும்போது கைப்பிடியில் நிற்காது. அகலம் குறைந்தது 1.2 மீட்டர். மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம் விடுங்கள். மேலே சமதளம் இல்லாமல் நேராகக் கதவில் போய் முடிந்தால், ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கதவை இழுக்க யாராலும் முடியாது. இருபுறமும் 76 செ.மீ., 90 செ.மீ. என இரண்டு உயரங்களில் கைப்பிடிக் கம்பி, சக்கரம் நழுவாமல் ஓரத்தில் சிறு தடுப்பு, சொரசொரப்பான தரை வேண்டும். பளபளக்கும் கிரானைட் மழைநாளில் ஆளைத் தள்ளிவிடும். இடம் நீளமாக இல்லையென்றால் நடுவில் 1.5 மீட்டர் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம்.

சாய்தளத்தோடு நிற்காதீர்கள். கழிப்பறைக் கதவு 90 செ.மீ. திறக்க வேண்டும், வெளிப்பக்கம் திறந்தால் நல்லது. உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும், பீங்கான் அருகே பிடிகம்பி வேண்டும். இந்த அறையைத் துடைப்பமும் பழைய கோப்பும் போடும் இடமாக்குவதும், சாய்தளத்தில் பைக் நிறுத்துவதும் எங்கும் நடக்கிறது. சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும் கழிப்பறை, இல்லாத கழிப்பறைதான்.

என் கணவர் அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர். விடுமுறையில் நடந்த விபத்தில் ஒரு காலை இழந்தார். 'விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்கள், பணப்பலன் சீக்கிரம் வரும்' என்கிறார்கள்.
— வாசகி, விழுப்புரம்

எழுதிக் கொடுக்க வேண்டாம். எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். பணியில் இருக்கும் காலத்தில் மாற்றுத்திறனாளியானவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 20-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு. விபத்து பணி நேரத்தில் நடந்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பேருந்து ஓட்ட முடியாதென்றால் அதே சம்பள விகிதம், அதே பணிப்பலன்களோடு வேறு பணி தர வேண்டும். அப்படிப் பணியிடம் இல்லையென்றால், ஏற்ற இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ அவருக்காகக் கூடுதலாக உருவாக்கும் உபரிப் பணியிடத்தில் வைக்க வேண்டும்.

2003-இல் குணால் சிங் வழக்கில், காலை இழந்த காவலருக்கு உடல்தகுதியின்மை ஓய்வூதியம் தரப்பட்டுவிட்டது என்பதாலேயே அவரை வெளியேற்ற முடியாது என்று பழைய 1995 சட்டத்தின் கீழேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைக் குறிப்பிட்டு, டிக்கெட் பிரிவு, டிப்போ அலுவலகம் என்று அவரால் செய்யக்கூடிய இடங்களைப் பெயர் சொல்லி மாற்றுப் பணி கேளுங்கள். விருப்ப ஓய்வு ஏற்கப்பட்டுவிட்டால் 'அவராகவே கேட்டுப் போனார்' என்றாகிவிடும். அதைத் திருப்புவது மிகக் கடினம்.

தனியார் நிறுவன ஊழியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உட்பிரிவு அரசு நிறுவனங்களுக்கானது. தனியாரிடம் பாகுபாட்டுத் தடையையும் அவர்களுடைய சம வாய்ப்புக் கொள்கையையும் வைத்துத்தான் வாதாட வேண்டியிருக்கும்.

எனக்கு இருதுருவ மனநோய் (பைபோலார்). மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது. மென்பொருள் நிறுவனத்தில் சுழற்சி ஷிஃப்ட் போட்டிருக்கிறார்கள். தூக்கம் கெட்டால் நோய் திரும்பும் என்கிறார் மருத்துவர். சொல்லிவிடலாமா, மறைக்கலாமா?
— வாசகர், சென்னை

சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. நோயைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சொல்லாமல் ஏற்பாட்டைக் கேட்க முடியாது. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. மருத்துவரிடம் 'இவருக்கு நிலையான பகல் ஷிஃப்ட் தேவை. மாதம் ஒரு நாள் பரிசோதனைக்கு நேரம் தேவை' என்ற அளவில் சான்று வாங்கி, குழுத் தலைவரிடம் அல்ல, தொடர்பு அலுவலரிடம் கொடுங்கள். காலை மாத்திரை மயக்கம் இருந்தால் பதினொரு மணித் தொடக்கத்தையும் கேளுங்கள். விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்லும் ஒரு வரியையும் சேருங்கள். சேரும்போது தரும் படிவத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் பொய் எழுத வேண்டாம். பிறகு நோயை விட்டுவிட்டுப் பொய்யைக் காரணம் காட்டுவார்கள்.

முதுகெலும்புப் பாதிப்புக்காகச் சிறப்பு நாற்காலி கேட்டேன். பாதி விலை நான் தர வேண்டுமாம்.
— வாசகி, கோவை

தர வேண்டாம். ஏற்பாட்டுச் செலவில் ஒரு பகுதியைக்கூட ஊழியரைக் கொடுக்கச் சொல்லக் கூடாது என்று 2017 விதிகளின் 3-ஆம் விதி சொல்கிறது. தாங்க முடியாத சுமையாக இருந்தால் நிறுவனம் மறுக்கலாம். ஆனால் அந்தச் சுமை என்னவென்று அவர்கள்தான் காட்ட வேண்டும். ஒரு நாற்காலிக்கு அப்படிக் காட்டுவது கடினம். பேசி முடித்ததை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். ரசீது நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும், பழுது பார்ப்பதும் அவர்கள் பொறுப்பாகும். வாங்குமுன் உங்களை உட்காரவைத்து அளவு பார்க்கச் சொல்லுங்கள். இருக்கை ஆழமும் கைதாங்கி உயரமும் பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த நாற்காலியும் வலியைக் கூட்டும்.