சாய சூரிய மின்கலத்தில் துணைச் சாயமாக உலோக அணைவுகள்: கேள்வி பதில்

கேள்வி: என்719 போன்ற நல்ல ருத்தேனியச் சாயம் இருக்கும்போது துணைச் சாயம் எதற்கு?

பதில்: இந்த மின்கலத்தில் டைட்டானியம் டை ஆக்சைடுப் படலத்தில் ஒட்டிய சாயம் ஒளியைக் கவர்ந்து, எலக்ட்ரானைப் படலத்துக்குத் தருகிறது; இழந்த எலக்ட்ரானை மின்பகுபொருள் என்னும் அயனிக் கரைசல் ஈடுசெய்கிறது. முதன்மைச் சாயத்தோடு சேர்த்து ஏற்றும் இரண்டாவது சாயமே துணைச் சாயம். என்719 பச்சை ஒளியை, அதாவது 530 நானோமீட்டரை ஒட்டிய பகுதியை, நன்றாக உட்கவர்கிறது. ஆனால் 400 நானோமீட்டருக்குக் கீழே, மின்பகுபொருளில் உள்ள மூவயோடைடு அயனியும் அதே ஒளிக்குப் போட்டியிடுகிறது. அது விழுங்கும் ஒளி மின்னோட்டமாக மாறுவதில்லை. அந்தப் பகுதியில் வலுவாக ஒளியைக் கவரும் அணைவை (உலோக அயனியோடு மூலக்கூறுகள் பிணைந்த சேர்மத்தை) படலத்தில் ஏற்றினால், இழப்பில் ஒரு பங்கை மீட்கலாம்.

கேள்வி: துத்தநாக அணைவுகள் பலவும் வெளிர்நிறமானவை. அவை எப்படிப் பயன்படும்?

பதில்: துத்தநாக அயனியின் டி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் அமரும் இடங்கள்) முழுதும் நிரம்பியிருப்பதால், ஒளியைக் கவரும் வேலை பெரும்பாலும் ஈனியை, அதாவது உலோகத்தோடு பிணைந்திருக்கும் மூலக்கூறைச் சேர்ந்தது. ஆகவே ஈனியைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது. காட்மிய அணைவுகளும் இவ்வாறே செயல்படுகின்றன. எனினும் அவற்றின் நச்சுத்தன்மையைக் கருதி நான் துத்தநாகத்தையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: துணைச் சாயம் சேர்த்தபின் மின்னோட்டம் குறைந்துவிட்டது. காரணம் என்ன?

பதில்: புதிய சாயம் பழையதை இடம்பெயர்த்திருக்கலாம். டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பில் பிடிப்பதற்கு இரண்டும் கார்பாக்சில் தொகுதியையே நம்பியிருந்தால், சிறிய மூலக்கூறு விரைந்து இடங்களை நிரப்பிவிடும். அலைநீளவாரியான குவாண்டம் திறனை (விழும் ஒளித்துகள்களில் எவ்வளவு பங்கு மின்னோட்டமாகிறது என்பதை) அளந்து பாருங்கள்: 400 அருகே வளைகோடு உயர்ந்து, 530 அருகே தாழ்ந்திருந்தால், என்719 வெளியேறியிருக்க வாய்ப்பு மிகுதி. அதை உறுதிசெய்ய, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் படலத்தை அமிழ்த்திச் சாயத்தை இறக்கி, அதன் அளவை நிறமாலைமானியில் காணுங்கள். தோய்க்கும் வரிசையையும் நேரத்தையும் மாற்றிப் பார்ப்பதே முதல் தீர்வு. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரள்வதும் மின்னோட்டத்தைக் குறைக்கும் என்பதால், திரள்வதைத் தடுக்கும் கீனோடிஆக்சிகோலிக் அமிலத்தை உடன்சேர்த்துப் பார்ப்பதும் நல்லது.

கேள்வி: எனக்கு மின்னழுத்தமும் சேர்ந்து உயர்ந்தது. ஒளியைக் கவர்வதோடு இதற்கு என்ன தொடர்பு?

பதில்: நேரடித் தொடர்பு சிறிது. பெரிய ருத்தேனிய மூலக்கூறுகளுக்கு இடையே வெறுமையாகக் கிடக்கும் மேற்பரப்பில், ஆக்சைடுக்குள் புகுந்த எலக்ட்ரான்கள் மூவயோடைடுக்குத் திரும்பிவிடுகின்றன. சிறிய அணைவு அந்த இடைவெளிகளை மூடும்போது இந்தக் கசிவு குறைந்து, மின்னழுத்தம் உயர்கிறது. துணைச் சாயத்தின் இப்பணியை, ஒளி கவர்வதற்கு இணையாகவே நான் மதிக்கிறேன்; நிறமாலையை மட்டும் பார்த்துச் சாயத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: ஆற்றல் மட்டங்களில் கவனிக்க வேண்டியது?

பதில்: எலக்ட்ரான் ஆக்சைடுக்குள் புக, சாயத்தின் கிளர்வுற்ற நிலை ஆக்சைடின் கடத்துப்பட்டைக்கு (எலக்ட்ரான்கள் நகரும் ஆற்றல் மட்டத்துக்கு) மேலும், இழந்த எலக்ட்ரானை அயோடைடிடமிருந்து பெற, அடிநிலை அயோடைடின் ஆக்சிஜனேற்ற மட்டத்துக்குக் கீழும் அமைய வேண்டும்.

கேள்வி: உலோக அணைவு முதன்மைச் சாயமாகவும் இருக்கலாமா?

பதில்: தாராளமாக. 2011இல் ஒரு துத்தநாகப் போர்பைரின் (பெரிய வளைய வடிவ ஈனி கொண்ட துத்தநாக அணைவு), கரிமச் சாயம் ஒன்றைத் துணையாகக் கொண்டு, கோபால்ட் மின்பகுபொருளுடன் 12.3 விழுக்காட்டுத் திறனை எட்டியது. போர்பைரினின் இரு உட்கவர்ப் பட்டைகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தை அந்தக் கரிமச் சாயம் நிரப்பியது.