பாதி ஆட்டத்தில் எழுந்து போவது

அன்புள்ள ஐயா,

என் மகள் பள்ளி வாலிபால் டீமில் ஆடுகிறாள். போன மாதம் ஒரு போட்டி. ஆளுக்கு ஒரு செட் ஜெயித்திருந்த நிலையில், மூன்றாவது செட்டில் 17-19 என்று பின்தங்கியிருந்தபோது கோச் கேப்டனை வெளியே எடுத்துவிட்டு இளைய பெண் ஒருத்தியை இறக்கினார். காரணம் எதுவும் சொல்லவில்லை. கேப்டன் பெஞ்சில் உட்காரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு “வாங்கடி, போகலாம்” என்றாள். களத்தில் நின்ற மூன்று பேர் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள். மொத்தம் ஒன்பது பேர்தான் டீம், மிச்சம் ஐந்து. களத்தில் ஆறு பேர் வேண்டும். நடுவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எதிரணி வென்றதாக அறிவித்துவிட்டார்.

என் மகள் போகவில்லை. வெளியேறிய நால்வரும் இந்த சீசன் முழுக்க ஆடக்கூடாது என்று பள்ளி சொல்லிவிட்டது. அவர்களுடைய தோழிகள் என் மகளை ‘கோச்சோட ஆளு’ என்கிறார்கள். சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. அநியாயத்தைப் பார்த்தால் எதிர்த்து நில் என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்தேன். அவள் செய்தது தப்பா? கோச்சின் முடிவு பிடிக்காவிட்டால் மாணவர்கள் பாதி ஆட்டத்தில் வெளியேறலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் செய்தது தப்பே இல்லை. இதை இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் கடிதத்தில் அந்த இளைய பெண் ஒரு வரியில் வந்து போய்விடுகிறாள். எனக்கு அவள் நினைப்பாகவே இருக்கிறது. சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து பந்து பொறுக்கிக் கொடுத்திருப்பாள். 17-19 என்ற நெருக்கடியில் கூப்பிட்டார்கள். கோட்டைத் தாண்டி உள்ளே வந்து நிற்பதற்குள் சுற்றி இருந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். கோபம் என்னவோ கோச் மேல்தான். ஆனால் ‘இவளோடு நாங்கள் ஆட மாட்டோம்’ என்றுதான் அது அவள் காதில் விழுந்திருக்கும்.

1994-இல் அமெரிக்கக் கூடைப்பந்தில் இதே மாதிரி ஒன்று நடந்தது. மைக்கேல் ஜோர்டான் விலகிப் போயிருந்த சமயம், சிகாகோ புல்ஸ் டீமுக்கு ஸ்காட்டி பிப்பன்தான் எல்லாம். நியூயார்க் நிக்ஸுடனான பிளே-ஆஃப் தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றுவிட்டு மூன்றாவதை ஆடிக்கொண்டிருந்தார்கள். 102-102, மீதி 1.8 விநாடி. டைம் அவுட்டில் கோச் ஃபில் ஜாக்சன், கடைசி ஷாட்டை டோனி குக்கோச் எடுக்கட்டும், பிப்பன் பந்தை உள்ளே போட்டுக் கொடுக்கட்டும் என்றார். குக்கோச்சுக்கு அது முதல் சீசன். பிப்பன் எழுந்திருக்க மறுத்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறொருவர் பந்தைப் போட, குக்கோச் ஷாட்டை அடித்தார். உள்ளே விழுந்தது, புல்ஸ் 104-102 என்று ஜெயித்தது. ஜெயித்த டீமின் உடை மாற்றும் அறையில் மூத்த ஆட்டக்காரரான பில் கார்ட்ரைட் கண்ணீரோடு பேசினார், இப்படிச் செய்துவிட்டாயே என்று. குக்கோச் அடித்த ஷாட் அவர் வாழ்க்கையின் பெரிய தருணங்களில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். முப்பது வருஷம் கழித்தும் அந்த ஆட்டம் என்றால் பிப்பன் உட்கார்ந்திருந்ததைத்தான் பேசுகிறோம். நானும் இப்போது அதைத்தானே செய்கிறேன்!

இன்னொன்று, ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. வாலிபாலின் சர்வதேச விதிப்படி, முதல் ஆறு பேரில் ஒருவரை வெளியே எடுத்தால், அதே செட்டில் ஒருமுறை அவர் திரும்பி வரலாம், தனக்குப் பதில் இறங்கியவரின் இடத்துக்கே. கோச்சுகள் இதைக் கணக்குப் போட்டே செய்வதுண்டு. பதற்றத்தில் சர்வீஸை வலையில் அடித்துக்கொண்டிருப்பவரை நாலு புள்ளிக்கு உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, மறுபடி இறக்கிவிடுவார்கள். இந்தக் கோச் அதைத்தான் நினைத்தாரா, இல்லை வெறும் கோபத்தில் செய்தாரா என்பதைத் தெரிந்துகொள்ளும் அளவுக்குக்கூட அந்தக் கேப்டன் காத்திருக்கவில்லை.

கோபத்தில் எடுக்கும் முடிவை யாராவது எல்லைக் கோட்டில் நின்று தடுத்தால் நல்லதுதான். 1981-இல் மெல்போர்ன் டெஸ்டில் கவாஸ்கருக்கு அது வாய்த்தது. அங்கே கோபம் கோச் மேல் இல்லை. எல்பிடபிள்யூ கொடுத்ததும், எதிர்முனையில் இருந்த சேத்தன் சௌஹானையும் கையோடு இழுத்துக்கொண்டு வெளியேறப் பார்த்தார். அணியின் மேலாளர் துரானி எல்லைக் கோட்டருகே வந்து சௌஹானைத் திருப்பி அனுப்பினார். ஆட்டம் தொடர்ந்தது. 143 ரன் இலக்கைத் துரத்திய ஆஸ்திரேலியாவை இந்தியா 83-க்குச் சுருட்டியது, தொடர் 1-1 என்று சமனானது. அன்று நடந்துகொண்ட விதத்துக்காகக் கவாஸ்கரே பின்னால் வருத்தம் தெரிவித்திருக்கிறார். உங்கள் மகளின் டீமில் துரானி வேலையைச் செய்திருக்க வேண்டியவர் கோச். நாலு பெண்கள் பையை எடுத்துக்கொண்டு நடக்கும்வரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? டைம் அவுட் கேட்க எத்தனை நேரம் ஆகும்?

யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது, எந்த முறையில் ஆடுவது, இதெல்லாம் கோச்சின் வேலை. அதில் அவர் தப்பும் செய்வார். அதற்காகப் பாதியில் போகக்கூடாது என்பதே என் கருத்து.

உடம்புக்கு ஆபத்து என்றால் கதை வேறு. 2018-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 19 வயது கால்பந்து வீரர் ஒருவர் (அமெரிக்கக் கால்பந்து) ஓட்டப் பயிற்சியில் வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி, இரண்டு வாரம் கழித்து இறந்துபோனார். உடனே குளிர்ந்த நீரில் இறக்கி உடம்பைத் தணிக்கும் சிகிச்சையைத் தரவில்லை என்று பல்கலைக்கழகமே பின்னர் ஒப்புக்கொண்டது. தலையில் அடிபட்டவளை ‘ஆடு’ என்றாலோ, மயங்கி விழுகிறவளை ‘ஓடு’ என்றாலோ, சாதியை, நிறத்தை, உடம்பைச் சொல்லித் திட்டினாலோ, அந்த நிமிஷமே எழுந்து போகலாம். ஸ்கோரைப் பார்க்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் மகள் களத்திலேயே நின்றிருந்தால் நான் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

‘ஆட்டம் முடிந்த பிறகு பேசுங்கள்’ என்று மாணவர்களிடம் சொல்வது சுலபம். யாரிடம் பேசுவது? அடுத்த போட்டிக்கு ஆள் எடுப்பவரும் அதே கோச், கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதம் தருபவரும் அவரே. பிப்பனுக்குச் சம்பளமும் ஒப்பந்தமும் இருந்தன, பதினாறு வயதுப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? அதனால் அந்த நால்வர் மேல் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. செய்தது தப்பு, ஆனால் வேறு வழி ஒன்றை யாரும் அவர்களுக்குக் காட்டியதாகத் தெரியவில்லை.

வழி இல்லாதபோது மாணவர்கள் சேர்ந்து நின்றதும் உண்டு. 2013-இல் அமெரிக்காவின் கிராம்ப்ளிங் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள், பூஞ்சை பிடித்த பயிற்சிக் கூடம், நீண்ட பேருந்துப் பயணங்கள், கோச்சை நீக்கிய விதம் என்று குறைகளை எழுதிக்கொடுத்துவிட்டு, ஒரு போட்டிக்குப் போகவே மறுத்தார்கள். அந்த ஆட்டம் கைவிட்டுப் போனது. ஆனால் முன்கூட்டியே, மொத்த டீமும் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. ‘வாங்கடி’ என்ற ஒரு சொல்லில், யார் வருகிறாள், யார் வரவில்லை என்று நட்பைச் சோதிக்கிற வேலை அதில் இல்லை. உங்கள் மகளின் தூக்கத்தைக் கெடுப்பது கோச்சின் முடிவில்லை, இந்தச் சோதனைதான்.

சீசன் முழுக்கத் தடை என்பது அதிகம். ஒரு ஆட்டம், மிஞ்சிப்போனால் இரண்டு, போதும். பள்ளியில் போய்ப் பேசுங்கள், வெளியேறியவர்களின் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு. தடையைக் குறைக்கக் கேளுங்கள், கேப்டனை ஏன் எடுத்தார் என்று கோச் டீமுக்கு முன்னால் சொல்லக் கேளுங்கள், இனிமேல் கோச்சைப் பற்றிய புகாரைக் கோச் அல்லாத ஒருவரிடம் கொடுக்க ஏற்பாடு கேளுங்கள். உங்கள் மகளைச் சாட்சியாக அழைத்துப் போக வேண்டாம். அவள் வீட்டில் இருக்கட்டும். முடிந்தால் அந்த இளைய பெண்ணுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். அவளிடமும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.