திரையில் மின்னிய கிளிப்பச்சை அச்சில் மங்கியது ஏன்?

கேள்வி: எங்கள் இல்லத் திருமண அழைப்பிதழைக் கணினித் திரையில் பார்த்தபோது கிளிப்பச்சை பளிச்சென்று இருந்தது, அச்சாகி வந்ததும் மங்கிவிட்டதே, ஏன்?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அச்சகத்தார் மேல் பிழை இல்லாமலே இப்படி நேரும். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைத் தானே உமிழ்ந்து கலக்கிறது. தாளோ, தன்மேல் விழும் வெளிச்சத்தில் மை விழுங்கியது போக எஞ்சியதை மட்டுமே நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (கருஞ்சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்னும் 4 அச்சு மைகளைக் கொண்டு, திரையில் ஒளிரும் பச்சையையும் ஆரஞ்சையும் முழுமையாக எட்ட முடியாது. உங்கள் அழைப்பிதழின் வெளிர்பச்சைப் பகுதியை உருப்பெருக்கியில் பாருங்கள். சயான் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் தனித்தனியே தெரியும். பளபளப்பற்ற தாளானால் மையை உறிஞ்சி நிறம் இன்னும் இறங்கும்.

திருப்பூரில் பின்னலாடைக்குச் சாயம் ஏற்றுவோர், திரையை நம்பாமல், எண்ணிட்ட நிற மாதிரிகள் கொண்ட பான்டோன் அட்டையையும் துணித்துண்டையும், பகல் வெளிச்சத்தை ஒத்த 6500 கெல்வின் விளக்கு எரியும் பெட்டிக்குள் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். அந்தக் கவனம் அழைப்பிதழுக்கும் தகும். அடுத்த முறை, மொத்தமாக அச்சிடுமுன் அதே தாளில் ஒரு மாதிரிப் படி எடுக்கச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு சம்மதம் சொல்லுங்கள். அந்தக் கிளிப்பச்சையேதான் வேண்டுமென்றால், அதைத் தனி மையாகக் குழைத்து 5ஆவது நிறமாக அடிக்கலாம். செலவு சற்றுக் கூடும்.